முன் பிரேக்கும் காலை பத்தரை மணி வாய்தாவும்

சென்ற மாதம் ஒரு மாலை, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வண்டியின் முன் பிரேக் போய்விட்டது. லிவரை அமுக்கினால் எந்தத் தடையும் இல்லாமல் ஆக்சிலேட்டரைப் போய் முட்டியது. பின் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து, ஒருவழியாக நின்றோம். இறங்கிப் பார்த்தால் காலிப்பர் முழுக்க ஈரம். பிரேக் ஆயில் கசிந்து டிஸ்க் வரை வழிந்திருந்தது.

மறுநாள் காலை பத்தரைக்கு சிறப்பு நீதிமன்றத்தில் வாய்தா. சாட்சி சொல்ல வேண்டிய அம்மாவைக் காலனியிலிருந்து 38 கிலோமீட்டர் அழைத்துப் போக வேண்டியது நாங்கள்தான். அவருடைய மகன் ஊர்த்தெருவில் பைக்கை விட்டு இறங்காமல் ஓட்டிப் போனான். மடக்கி அடித்தார்கள், வண்டியையும் உடைத்தார்கள். அவ்வளவுதான் வழக்கு. பைக் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின்போது தனியாகவே எழுதிச் சேர்த்தார்கள். சைக்கிள், பைக், செருப்பு, புத்தாடை, திருமண ஊர்வலம் என்று அந்தப் பிரிவில் வரிசையாக வரும். இதையெல்லாம் நாடாளுமன்றம் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்த நாடு இது. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் அந்த வரிகளை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

வேறு வண்டி பிடித்திருக்கலாமே என்பீர்கள். அதே சட்டத்தின் 15ஏ பிரிவு சாட்சிக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் தரச் சொல்கிறது. மனு கொடுத்திருந்தோம், பதில் வரவில்லை. ஊரில் ஆட்டோ ஓட்டுபவர்கள் எதிரிகளுக்கு மாமன் மச்சான். முதல் பேருந்து நிற்பது எதிரி ஒருவரின் டீக்கடை வாசலில். டவுனிலிருந்து கார் வரச் சொல்லலாம் என்றதற்கு அம்மா ஒப்பவில்லை. "காரு வந்து நின்னா ஊருக்கே தெரிஞ்சிரும். உங்க வண்டியிலயே வர்றேன்" என்றார்.

ஊரில் இருப்பது ஒரே மெக்கானிக் கடை. அங்கே ஐந்து வருடம் வேலை பார்த்தவன் அந்த மகன்தான். புகார் கொடுத்த வாரமே இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவனுடைய ஸ்பேனர்களெல்லாம் ஒரு உரச் சாக்கில் வீட்டு மூலையில் கிடந்தன.

வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு காலனிக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தம்பி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சீல் போயிருச்சுக்கா. பேடும் நனைஞ்சிருச்சு, கழுவுனாலும் பிடிக்காது" என்றான். டவுனில் இருந்த எங்கள் தோழருக்கு ஒரு பட்டியல் சொன்னான். காலிப்பர் சீல் கிட், பேட் ஒரு செட், சீல் உடைக்காத டாட் 4 ஆயில், செம்பு வாஷர் இரண்டு, மெடிக்கல் கடையில் ஒரு டிரிப் ட்யூப். டிரிப் ட்யூப் எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. எட்டரை மணிக் கடைசிப் பேருந்தில் எல்லாம் வந்தது.

முதலில் காலிப்பரை டிஸ்க்கிலிருந்து கழற்றி, பேடை எடுத்துவிட்டு, எங்களை லிவரை மெதுவாக அமுக்கச் சொன்னான். பிஸ்டன் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. அதன் பிறகுதான் ஹோஸைக் கழற்றினான். உள்ளே இருந்த ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் வடிந்தது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாங்கள் வண்டி வாங்கியதிலிருந்து அந்த மூடியைத் திறந்ததே இல்லை.

சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. கீறல் விழாமல் மரக்குச்சியால் அதைச் சுரண்டி எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. நாங்கள் பெட்ரோலை நீட்டியபோது கையைத் தட்டிவிட்டான். பெட்ரோலோ கிரீஸோ பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும். புது சீலைப் புது பிரேக் ஆயிலிலேயே நனைத்துப் பொருத்தினான். லிவரை விட்டதும் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் இல்லையாம், முறுக்கிக்கொண்ட சீல் பழைய நிலைக்குத் திரும்புவதுதானாம். சில பெரிய பைக்குகளில் கிளட்சும் இப்படி ஆயிலில்தான் வேலை செய்கிறது, அதிலும் கீழே இருக்கும் சிலிண்டரில் சீல் போனால் இதே கதைதான் என்றான்.

எங்களில் இருவர் சமூகவியல் முதுகலை. வழக்குக்காக நாங்கள் தயாரித்த குடும்ப விவரத் தாளில் இவன் தொழில் என்ற இடத்தில் 'தினக்கூலி' என்று எழுதியிருந்தோம். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. காலனி என்றதும் எங்கள் பேனாவே எழுதிக்கொண்டது. வேலை போனதற்கு இழப்பீடு கேட்க வேண்டிய வழக்கில், அவனுக்கு ஒரு தொழில் இருந்தது என்பதையே நாங்கள் பதிவு செய்யவில்லை. அடுத்த மனுவில் திருத்திவிட்டோம்.

பிறகு காற்று எடுக்கும் வேலை. டிரிப் ட்யூபின் ஒரு முனை காலிப்பரின் நிப்பிளில், மறு முனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள். மேலே டப்பாவில் ஆயில் தீராமல் ஊற்றிக்கொண்டிருக்க ஒருவர், லிவருக்கு ஒருவர். நான்கைந்து தடவை அமுக்கி இறுக்கிப் பிடித்ததும் தம்பி நிப்பிளைக் கால் சுற்று திறப்பான். குமிழி குமிழியாக ட்யூபில் ஓடும். உடனே மூடுவான். அதன் பிறகுதான் லிவரை விட வேண்டும். எங்கள் கை ஒருமுறை முந்திவிட்டது. "நான் மூடுறதுக்கு முன்னாடி விட்டா காத்தைத் திருப்பி உள்ள இழுத்துரும்க்கா. மறுபடி முதல்லேருந்து!" நீதிமன்றத்தில் வாயே திறக்காத பையன், அன்றிரவு எங்களை அதட்டிக்கொண்டே இருந்தான்.

பதினொன்றரைக்குக் குமிழி நின்றது. லிவர் பிடித்தது, ஆனாலும் பஞ்சு மாதிரிதான் இருந்தது. சைக்கிள் ட்யூபை வெட்டி லிவரைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். மிச்சமிருக்கும் பொடிக் குமிழிகள் விடிவதற்குள் டப்பாவுக்கு ஏறிவிடும் என்றான். ஆயில் சிந்திய டேங்கில் பெயின்ட் உரியாமலிருக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அம்மா தூங்காமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்.

காலை ஆறு மணிக்குக் கட்டை அவிழ்த்து அமுக்கினால் லிவர் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. தம்பி காலனிக்குள்ளேயே நான்கு முறை ஓட்டி, பிடித்துப் பிடித்துப் பார்த்தான். பிறகு அம்மாவுக்கு அவனே ஹெல்மெட் மாட்டிவிட்டான். காலனியிலிருந்து தார் ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. கோயில் திருப்பத்தில் ஒருவர் வேண்டுமென்றே மாட்டை நடுத்தெருவுக்கு ஓட்டிவிட்டார். பிரேக் பிடித்தது. அம்மா எங்கள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாடு போகும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். யாரும் இறங்கவில்லை.

முதல் விசாரணை அன்றே முடிந்தது. குறுக்கு விசாரணைக்கு வரும் 19ஆம் தேதி போட்டிருக்கிறார்கள். அதற்குள் பின் பிரேக் ஷூவையும் மாற்றிவிடலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.