விடுபடாத பெயர்கள்

1995 அக்டோபர் 30. பொழுதுபடும் நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் யாழ்ப்பாணத்து நவாலி ஒழுங்கைகளுக்குள் வந்தன. ராணுவம் நெருங்குகிறது, வலிகாமத்தில் ஒருவரும் இருக்க வேண்டாம், உடனே தென்மராட்சிக்குப் போங்கள் என்றார்கள். அம்மம்மா கொதித்துக்கொண்டிருந்த சோற்றை வடித்து, பானையோடு சேலைத் துணியில் கட்டினார். ஐயா சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையை வைத்தார். ஆட்டை அவிழ்த்துவிட்டோம். அது கொஞ்ச தூரம் எங்கள் பின்னாலேயே வந்தது.

செம்மணி வெளியில் மழை பிடித்துக்கொண்டது. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் அந்தச் சாலையில் ஒரு குடாநாட்டின் சனமே நின்றது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் என்று பிறகு எழுதினார்கள். எனக்கு நினைவில் இருப்பது முன்னால் நின்றவர்களின் முதுகுகள்தான். நனைந்த துணியும் மண்ணெண்ணெயும் உப்புச் சேறும் கலந்த வாடை. குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீரைப் பிள்ளைகளுக்குப் பருக்கிய தாய்மார். எங்களுக்கு முன்னால் ஒருவர் தன் தாயைச் சைக்கிளில் சாய்த்து, ஒரு கையால் அணைத்தபடி உருட்டிக்கொண்டு போனார். விடியும்போது அந்தத் தாயின் தலை தொங்கியிருந்தது. அவர் நிற்கவில்லை. நிற்க இடமில்லை.

எங்கள் வீட்டிலும் அதற்கு முன்பே ஓர் இடம் வெறுமையாகியிருந்தது. அந்த ஆண்டு ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. ராணுவம் முன்னேறத் தொடங்கியதும் ஊர் ஊராக ஓடிவந்த சனம் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் ஒதுங்கியது. கோயிலில் குண்டு போடமாட்டார்கள் என்று நம்பினார்கள். சித்தி தண்ணீர்க் குடத்தோடு போனார். விமானம் வந்தது, தாழ்ந்தது, நிலம் அதிர்ந்தது, ஓடினோம், புகை, செங்கல் தூசி, யாரோ என்னை இழுத்துத் தரையில் தள்ளினார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். தொண்டு செய்ய வந்தவர்களும் அவர்களோடு போனார்கள். சித்தியை அவர் கட்டியிருந்த சேலையின் கரையை வைத்து ஐயா அடையாளம் கண்டார்.

நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நாள். சித்தி போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள். நாங்களோ சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், முன்பின் தெரியாத குடும்பங்களோடு கிடந்தோம். கல்லறை அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். நான் அழுதேன். அம்மம்மா ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திவைத்து, கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

“பேர்களை எழுது பிள்ளை. ஒருத்தரும் விடுபடக் கூடாது.”

சித்தியில் தொடங்கித் தெரிந்த பெயரெல்லாம் எழுதினேன். கடைசியில், “அந்தச் சைக்கிள் அம்மாவையும் எழுது” என்றார். பேர் தெரியாதே, வேதமோ சைவமோ அதுவும் தெரியாதே என்றேன்.

“ஆண்டவருக்குத் தெரியும். நீ எழுது. அவை எழும்புவினம். அதுவரைக்கும் பேர் வைச்சிருக்கிறது எங்கட வேலை.”

பக்கத்துப் பாயில் இருந்த சைவக் குடும்பத்துப் பெண் எழுந்து வந்து, காற்றில் அணையாமல் விளக்கைத் தன் உள்ளங்கையால் மறைத்துப் பிடித்தார். செபமாலை முடியும்வரை கையை எடுக்கவில்லை. அவர் முகம் இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

கிளாலிக் கடல், வன்னிக் காடு, மடு, கள்ளப் படகு, மண்டபம் முகாம். அதற்குப் பின் திருச்சி. இப்போது எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீடு. திருச்சி விமான நிலையத்துக்கு வரும் விமானங்களின் சத்தம் மொட்டை மாடியில் நன்றாகக் கேட்கும். கொழும்பிலிருந்து வருவதும் அவற்றில் உண்டு. ஆண்டுக்கணக்காக அந்தச் சத்தத்துக்கு நான் சுவரோரம் போய் நின்றிருக்கிறேன். கீழ்வீட்டு அக்கா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் கூடவே நின்று துணி மடித்தார். பிறகு புதன்கிழமைகளில் பாலக்கரை சகாய மாதா கோயில் நவநாளுக்கு என்னையும் கூட்டிப்போனார்.

2025ஐத் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்பது அதன் மையக்கருத்து. மறையுரை கேட்கும்போதெல்லாம் எனக்கு உரோமை நகரம் தோன்றவில்லை. செம்மணி வெளியில் நனைந்த முதுகுகள்தான் தோன்றின. நம்பிக்கை என்றால் மனம் தேறுவது என்று பலர் சொல்கிறார்கள். அம்மம்மாவின் மனம் கடைசிவரை தேறவில்லை. அழுதுகொண்டேதான் ஒவ்வொரு நவம்பரிலும் அந்தப் பெயர்களை வாசித்தார். உயிர்ப்பை நம்பியவரால்தான் அப்படி அழ முடியும் என்று நான் நினைக்கிறேன்.

என் மகள் இங்கேதான் பிறந்தாள். பெற்றோர் இருவரும் அகதிகள் என்பதால் அவளுக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. 2019இல் வந்த குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன, இலங்கை இல்லை. அவள் ஒவ்வொரு அலுவலகமாக விண்ணப்பத்தோடு ஏறி இறங்குகிறாள், திருப்பி அனுப்பினால் மறுபடி எழுதுகிறாள். கொப்பித் தாள் மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டதால் போன நவம்பரில் எல்லாப் பெயர்களையும் புதுத் தாளில் எழுதியவளும் அவள்தான். அடியில் அம்மம்மாவின் பெயரையும் சேர்த்திருந்தாள்.