இழுப்பறையில் மீந்த மாத்திரைகள்



சென்ற ஆண்டு என் தாயார் சிறுநீர்த் தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். முதலில் கொடுத்த மருந்தில் காய்ச்சல் தணியவில்லை. சிறுநீரைச் சோதித்த பின்னர், அம்மருந்து இக்கிருமியை அழிக்காது என்று கூறிய மருத்துவர் வேறு ஊசி மருந்துக்கு மாற்றினார்.

“அம்மாவின் உடம்புக்கு மருந்து பழகிவிட்டது போலும்” என்றேன்.

“பழகியது உடம்பு அன்று, டீச்சர்; கிருமி. இதற்கு முன் வீட்டில் அண்டிபயோட்டிக் ஏதேனும் கொடுத்தீர்களா? அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்” என்றார் அவர்.

நான் தலைகுனிந்தேன். தொண்டை வலி தணிந்ததும் என் மகன் மருந்தை நிறுத்திவிடுவான். கிளினிக்கில் கொடுத்தவற்றுள் மீந்த மாத்திரைகள் இழுப்பறைக்குப் போகும். அம்மாவுக்குச் சளி பிடித்தபோதெல்லாம் அவற்றில் இரண்டு மூன்றைக் கொடுத்திருக்கிறேன். சளிக்குக் காரணம் வைரஸ்; நுண்ணுயிர்க்கொல்லி அதனை ஒன்றும் செய்யாது. இதனை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் போதிப்பவளே நான்தான்!

நம் உடலில் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களுள் மருந்தைத் தாங்கவல்லவை சில இருக்கக்கூடும். தேவையின்றி மருந்துண்டால் மற்றவை மடியும். இவை எஞ்சிப் பெருகும். தாங்கும் ஆற்றலைத் தரும் மரபணுவைப் பிற பாக்டீரியாக்களுக்கும் வழங்கும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் தம் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதனைத் தாங்கப் பழகும் என்று எச்சரித்தார். 2019இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் மாண்டனர் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கொடுப்பதற்கு அதே ஆண்டில் மலேசியா தடை விதித்தது.

இதனை வகுப்பில் கூறியபோது ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், எங்கள் வீட்டில் வளரும் கிருமி உங்கள் வீட்டுக்கும் வருமா?”

“வரும், அம்மா. அதனால்தான் இஃது ஒரு வீட்டின் சிக்கல் மட்டுமன்று” என்றேன்.

அம்மா நலம் பெற்று வீடு திரும்பினார். மீந்த மாத்திரைகளை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைத்தேன். இப்பொழுது நாங்கள் அண்டிபயோட்டிக்கைக் கேட்டு வாங்குவதில்லை. மருத்துவர் தந்தால் அவர் சொன்ன நாள்வரை உண்கிறோம். ஒருவர் மருந்தை மற்றவருக்குக் கொடுப்பதுமில்லை.

உங்கள் வீட்டு இழுப்பறையையும் இன்று ஒருமுறை திறந்து பாருங்கள்.