மூக்கு செய்யும் வேலை

போன வாரம் பேரனுக்குச் சளி. மூக்கடைத்து ராத்திரி முழுக்க வாயால்தான் மூச்சு விட்டான். காலையில் எழுந்ததும், "தாத்தா, தொண்டையெல்லாம் காய்ஞ்சு போச்சு" என்றான். எனக்கு 1983 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் மயக்கவியல் மேற்படிப்பு மாணவன். மூன்று மாதக் குழந்தைக்குக் குடலில் ஆபரேஷன். மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, ஜாக்சன் ரீஸ் சர்க்யூட்டில் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் போனதும் பை இறுகியது. நெஞ்சு ஏறவில்லை. உதடு நீலமாகத் தொடங்கியது. சளி உறிஞ்சும் குழாயை விட்டால் உள்ளே போகவில்லை. ஓடி வந்த பெரிய டாக்டர் யோசிக்காமல் டியூபை உருவினார். மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்து, வேறு டியூப் போட்டார். நிறம் திரும்பியது.

உருவிய டியூபின் நுனியில் காய்ந்த கோந்து மாதிரி சளி. அதை என்னிடம் காட்டி, "மூக்கைத் தாண்டி டியூப் போட்டுட்டோம். அப்போ மூக்கோட வேலையை யாருப்பா பார்க்கிறது?" என்றார்.

நாம் இழுக்கும் காற்று நுரையீரலை எட்டும்போது 37 டிகிரி சூடும், லிட்டருக்கு 44 மில்லிகிராம் ஈரமும் கொண்டிருக்கும். பெரும்பங்கு மூக்கின் உழைப்பு. சிலிண்டர் வாயுவில் ஈரமே கிடையாது. ஜாக்சன் ரீஸிலோ, வெளிவிட்ட மூச்சு திரும்பாதிருக்கப் புது வாயுவை நிமிடத்துக்குப் பல லிட்டர் விட வேண்டும். அத்தனையும் வறண்ட காற்று! சளி கெட்டிப்படும், அதை மேலே தள்ளும் நுண்மயிர்கள் ஓய்ந்துவிடும், குழந்தையின் உடம்புச் சூடும் இறங்கும்.

பிற்பாடு ஹெச்.எம்.இ. என்ற சின்ன வடிகட்டி வந்தது. டியூபுக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே செருகினால், வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைத்து, அடுத்த மூச்சில் திருப்பித் தரும். கரண்டும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஓய்வு பெறும்வரை அது இல்லாமல் நீண்ட கேஸ் எதையும் நான் தொடங்கியதில்லை.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அந்தத் தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள். நடந்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கும்பிடு இன்னும் கூசுகிறது.

பேரனுக்கு வெந்நீர் கொடுத்தேன். "மூக்கு சும்மா இல்லடா கண்ணா" என்றேன். சிரித்தான்.