வால் எழுத்துகள்

ஒரு தேர்தல் காலத்தில் எங்கள் கல்லூரி மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. சுண்ணாம்பால் வட்டமிட்டு, புழுதி கிளம்பாமலிருக்க லாரித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கூட்டம் முழுவதும் கதவு திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாலைப் பார்த்தேன். அங்கிருந்த ஐந்து எழுத்துகளை மனத்தில் பதித்துக்கொண்டு, வந்த தலைவரின் முகத்தைக்கூடப் பாராமல் துறைக்குத் திரும்பி நோட்டில் குறித்தேன். பொருளியல் பேராசிரியர் எட்டிப் பார்த்து, "லாட்டரிச் சீட்டு எண்ணா ஐயா?" என்றார்.

இருபது ஆண்டுகளாக எனக்கு இந்தப் பழக்கம். சிவில் ஹெலிகாப்டர்களின் பதிவெழுத்து, வகை, உற்பத்தி எண், பார்த்த நாள், பார்த்த இடம் என ஐந்து பத்திகள். ராணுவ ஊர்திகளுக்கு வேறு எண்முறை என்பதால் அவற்றைச் சேர்ப்பதில்லை. கண்ணால் காணாததை எழுதுவதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட நெறி.

இந்தியப் பதிவுகள் 'விடி' என்று தொடங்கும். சிறுகோட்டுக்குப் பின் மூன்று எழுத்துகள். கணக்குப்படி 17,576 சேர்க்கைகள் கிடைக்கும், எல்லாமே வழங்கப்படுவதில்லை. அபாயக் குறியான எஸ்ஓஎஸ் போன்றவற்றைச் சர்வதேச விதி விலக்கிவைத்திருக்கிறது. இலக்கணம் கற்பிப்பவனுக்கு இதில் தனிச் சுவை உண்டு. பொருளின்றி வரிசையில் வந்து வாய்க்கும் எழுத்துகள் இடுகுறிப்பெயர். உரிமையாளர் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கேட்டு வாங்கினால் அதுவே காரணப்பெயர். வேறு நாட்டுக்கு விலைபோனால் இந்தப் பெயர் மாறிவிடும். தொழிற்சாலையில் தகட்டில் பொறித்த உற்பத்தி எண் மாறாது. புகுந்த வீட்டில் வேறு பெயரிட்டு அழைத்தாலும் பெண்ணின் பிறந்த நட்சத்திரம் மாறாதல்லவா?

சில எழுத்துகளுக்குப் பின்னால் பெருங்கதைகள் உண்டு. 1980களில் பிரிட்டனின் நிதியுதவியோடு இந்தியா 21 வெஸ்ட்லேண்ட் 30 ஹெலிகாப்டர்களை வாங்கியது. 1985இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான பவன் ஹன்ஸ் அவற்றை இயக்கியது. உயிர்ச்சேதம் நேர்ந்த இரண்டு விபத்துகளுக்குப் பின், 1991இல் எஞ்சியவை தரையிறக்கப்பட்டன. பல ஆண்டுகள் கிடந்து, பின்னர் வாங்கிய விலையில் மிகச் சிறு பகுதிக்குப் பிரிட்டனுக்கே விற்கப்பட்டன. அவற்றில் ஒன்றையும் நான் கண்டதில்லை. ஆகவே என் நோட்டில் அவற்றுக்கு இடமில்லை.

2018இல் அம்மாவைக் கேதார்நாத்துக்கு அழைத்துச் சென்றேன். மூட்டு வலியால் அவரால் மலையேற இயலாது, பாட்டாவிலிருந்து ஹெலிகாப்டர். எங்களை ஒவ்வொருவராக எடை பார்த்து வரிசையில் நிறுத்தினார்கள். இறங்குவதும் ஏறுவதுமாக இயந்திரங்கள் ஓயவில்லை. நான் பரபரப்பாகக் குறித்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, அதுல ஏறிப் போறவங்க பேரெல்லாம் எழுத மாட்டியா?"

"அது இந்தக் கணக்குல வராதும்மா."

2022 அக்டோபர் 18 அன்று, கேதார்நாத்திலிருந்து குப்தகாசிக்குத் திரும்பிய ஒரு பெல் 407 மோசமான வானிலையில் மலையில் மோதி எரிந்தது. ஒற்றை எஞ்சின், விமானியோடு சேர்த்து ஏழு இருக்கைகள். ஏழு பேரும் இறந்தார்கள். பயணிகளில் மூவர் தமிழ்நாட்டினர். செய்தியில் பதிவெழுத்தும் வந்தது: விடி-ஆர்பிஎன்.

நான் முதலில் செய்த காரியத்தை மறைக்க விரும்பவில்லை. அலமாரியைத் திறந்து 2018ஆம் ஆண்டு நோட்டை எடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினேன். இல்லை. நாங்கள் ஏறியதும் அதுவல்ல, நான் பார்த்ததும் அல்ல. பெருமூச்சு விட்டேன். அந்த மூச்சு வெளியேறிய பிறகுதான் எதற்காக ஆறுதலடைந்தேன் என்று எனக்கே உறைத்தது.

தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "நாம போனதாப்பா அது?"

"இல்லம்மா."

"யாரோ போனதுதானே," என்று சொல்லிவிட்டு மறுபடியும் திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

பதிவேடு நேர்மையானது. எந்தத் தகடு எந்த ஆண்டு எவர் கைக்கு மாறியது என்று அது சொல்லும். அழிந்த ஊர்தியை நீக்கிவிட்டதாகவும் சொல்லும். நானும் அதே நேர்மையைத்தான் பழகியிருந்தேன். பெயர்ச்சொல்லை மட்டும் எழுதிவிட்டு வாக்கியம் முடிந்ததாக நினைத்திருக்கிறேன்.

அன்றிரவு என் நெறியை ஒரே ஒரு முறை மீறினேன். காணாத அந்த ஐந்து எழுத்துகளை நோட்டில் எழுதினேன். வகை: பெல் 407. பார்த்த நாள், பார்த்த இடம் இரண்டையும் வெறுமையாக விட்டேன். வரியின் கடைசியில், பத்திக்கு வெளியே, ஏழு பேர் என்று எழுதினேன்.

இப்போது மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கினால் நான் இன்னமும் வாலைத்தான் முதலில் பார்க்கிறேன். பிறகு கதவு திறக்கும்வரை நிற்கிறேன்.