சேன் போல் கடற்கரைச் சந்தை

ரீயூனியன் தீவின் மேற்குக் கரை வெயில் கரை. கிழக்கே மழை கொட்டித் தீர்க்கும் நாளிலும் இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். நடுவில் நிற்கும் மலைகள் மேகத்தை மறித்து, கிழக்குச் சரிவிலேயே கரைத்துவிடுகின்றன. அந்த வெயில் கரையில்தான் சேன் போல் நகரம். தீவில் முதலில் மனிதர்கள் குடியேறிய இடம். 1738 வரை தலைநகரம். அதன்பிறகுதான் வடக்கே இருக்கும் சேன் தெனி தலைநகரானது.

வெள்ளிக்கிழமை பகல் முழுவதும், சனிக்கிழமை காலையிலும் கடலோரச் சாலையில் சந்தை கூடுகிறது. ஒரு பக்கம் கரிய மணல், கடலைப் பார்த்தபடி பழைய பீரங்கிகள். மரநிழலிலும் துணிக் கூடாரங்களின் கீழும் கடைகள். மொரீஷியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரப் பயணம்தான். அங்கே விடுமுறைக்குப் போயிருந்த நானும் அக்காவும் ஒரு டிசம்பரில் இந்தத் தீவுக்கும் வந்து சேர்ந்தோம். புதுச்சேரியில் பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்குக் கைகொடுத்தது. அக்காவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. காயைக் கையில் எடுத்துப் பார்த்தாலே அவளுக்குப் பேச்சு வந்துவிடும்.

டிசம்பர் என்றால் அங்கே லிச்சி மாதம். இலையும் காம்புமாகக் கொத்துக் கொத்தாகக் கட்டி, சிவப்பு மலையாகக் குவித்திருந்தார்கள். தீவு பிரான்சின் ஒரு மாவட்டம், 1946-லிருந்து. அதனால் புழங்குவது யூரோ. யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்த 2002 ஜனவரி 1, நேர வித்தியாசத்தால் பாரிசுக்கு முன்பே இங்கே பிறந்துவிட்டது. புதுப் பணத்தில் நடந்த முதல் கொள்முதல் ஒரு கிலோ லிச்சி என்று இந்தத் தீவில் பெருமையோடு சொல்கிறார்கள். லிச்சிக்கு அடுத்து உள்ளங்கையில் அடங்கும் விக்டோரியா அன்னாசி. கடைக்காரர் கத்தியால் கண்களைச் சுழற்றிச் சுழற்றி வெட்டி, காம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே கடிக்கும்படி நீட்டினார். அந்த இனிப்பை அதற்குப் பிறகு எந்த அன்னாசியிலும் நான் காணவில்லை.

"ஏய், இங்க வா, இது நம்ம முருங்கைடி!" அக்காவின் குரல் நாலு கடை தள்ளிக் கேட்டது. போய்ப் பார்த்தால் முருங்கைக்கீரை, வாழைநாரில் கட்டிய கட்டுகள். பக்கத்தில் பீர்க்கங்காய், பாகற்காய், சௌசௌ, சௌசௌக் கொடியின் கொழுந்து, கருவேப்பிலை, மஞ்சள் கிழங்கு. கடைக்குப் பின்னால் ஓலைத் தொப்பி போட்ட ஒரு பாட்டி. எங்கள் முகத்தைப் பார்த்ததும் இந்தியாவா என்று கேட்டார். கீரையை எப்படிச் சமைப்பீர்கள் என்று நான் கேட்க, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: பூண்டையும் இஞ்சியையும் நசுக்கு, வெங்காயத்தை வதக்கு, கீரையைப் போடு, தண்ணீர் நிறைய ஊற்று, உப்பு, அவ்வளவுதான். சோற்றின் மேல் ரசம்போல விட்டுச் சாப்பிடுவார்களாம். நாங்கள் பருப்பும் தேங்காயும் போடுவோம் என்று அக்கா சொன்னதை மொழிபெயர்த்தேன். பாட்டி சிரித்தார், தேங்காய் வேண்டாம், கீரையின் ருசி போய்விடும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, காசு வாங்காமல் ஒரு கட்டைக் கூடுதலாகப் பையில் போட்டார். அவருடைய கொள்ளுப்பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர். ஊர்ப் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது.

1848 டிசம்பர் 20 அன்று இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. 60,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். கரும்புத் தோட்டக்காரர்களுக்குக் கை ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றப்பட்டு வந்தவர்கள் ஏராளம். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க 1860-ல் பிரெஞ்சு, பிரிட்டிஷ் அரசுகள் ஒப்பந்தம் போட்டன. தொழிலாளிகள் நடத்தப்பட்ட விதம் அவ்வளவு மோசமாக இருந்ததால் 1882-ல் பிரிட்டிஷ் அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. நான் பிறந்த ஊரின் துறையிலிருந்து போனவர்களின் கதை இது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் எத்தனை மாலை நடந்திருப்பேன். இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. பள்ளிப் பாடத்திலும் வந்ததில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

வனிலாக் கடையிலும் அப்படி ஒரு கதை. நல்ல வனிலாக் காய் கறுத்து, எண்ணெய் மினுமினுப்போடு இருக்கும். விரலைச் சுற்றிக் கட்டினாலும் முறியக் கூடாது. கடைக்காரப் பெண் தன் ஆள்காட்டி விரலில் சுற்றிக் காட்டி, மூக்கருகே நீட்டினார். வனிலா மெக்சிகோக் கொடி. அங்கே தேனீ செய்யும் மகரந்தச் சேர்க்கை இங்கே நடக்காததால் பூத்தும் காய்க்காமல் கிடந்தது. 1841-ல் எட்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் பூவின் தடுப்பை விலக்கிக் கட்டைவிரலால் அழுத்திக் காய்க்க வைக்கும் வழியைக் கண்டுபிடித்தான். உலகின் வனிலாத் தோட்டங்களில் இன்றும் நடப்பது அந்த முறைதான். தோட்டக்காரர்கள் செல்வம் சேர்த்தார்கள். விடுதலைக்குப் பிறகு அல்பியுஸ் என்று குடும்பப் பெயர் பெற்ற எட்மோன், 1880-ல் வறுமையில் இறந்தார்.

பசி எடுத்ததும் பலகாரக் கடைக்குப் போனோம். பெரிய வெள்ளை அவரைப் பருப்பை அரைத்து, மிளகாயும் இஞ்சியும் மஞ்சளும் வெங்காயத்தாளும் சேர்த்துப் பொரித்த போன்போன் பிமான், சூடாகக் காகிதப் பையில். குஜராத்தி முஸ்லிம் வியாபாரிகள் கொண்டுவந்த சமோசா ஒரு தட்டில், சீனர்கள் கொண்டுவந்த புஷோன் ஆவி பறக்க இன்னொரு தட்டில். கரும்புச் சாற்றோடு பீரங்கி மேடையில் உட்கார்ந்து தின்றோம். வெயில் கடலுக்குள் சாயும்வரை அக்கா எழுந்திருக்க மறுத்துவிட்டாள்.

பல நாட்டுச் சுவைகள் கலந்த வண்ணமயமான சந்தை என்று சுற்றுலாக் கையேடுகள் இதை எழுதுகின்றன. அது போதாது. அடிமைகளாகவும் கூலிகளாகவும் வந்தவர்கள் கொல்லையில் நட்டு வளர்த்ததைத்தான் இன்று கூடை கூடையாக வாங்குகிறோம். இந்தச் சந்தைக்கு அவர்கள்தான் சொந்தக்காரர்கள் என்பது என் எண்ணம்.

ரீயூனியன் போகிறவர்கள் எரிமலைக்கும் பவளத் திட்டுக்கும் நாள் ஒதுக்குவார்கள். ஒரு வெள்ளிக்கிழமையை சேன் போலுக்கும் வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. பை மறந்தால் கவலையில்லை, தாழை இன ஓலையில் முடைந்த கூடைகள் அங்கேயே கிடைக்கும். கடையில் முதலில் 'போன்ழூர்' சொல்லிவிட்டு விலை கேளுங்கள், அதுதான் அங்கே மரியாதை. கீரை விற்கும் பாட்டிகளிடம் எப்படிச் சமைப்பது என்று கேளுங்கள். நேரம் ஒதுக்கிச் சொல்லித் தருவார்கள்.