குண்டு போடும் வயசு

எங்கள் புதுச்சேரியில் வயசானவர்களுக்கு உடற்பயிற்சி என்றால் கடற்கரைச் சாலையில் நடப்பதுதான். எனக்கு அது சலிப்பு. நான் பெத்தாங்க் கட்சி. ஆளுக்கு மூன்று இரும்புக் குண்டுகள் (பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் எழுதினால் ஏடாகூடமாகிவிடும், விட்டுவிடுங்கள்). ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் ஒரு சின்ன மரக்குண்டு. யார் குண்டு அதற்கு நெருக்கமோ அவருக்குப் புள்ளி. 13 எடுத்தவர் ஜெயித்தார்.

1907 வாக்கில் தென் பிரான்சின் லா சியோத்தாவில் பிறந்த ஆட்டம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் மூன்று எட்டு ஓடிப் போட வேண்டும். ழூல் லெனுவார் என்பவருக்கு மூட்டு வாதம், ஓட முடியவில்லை. அவருக்காகத்தான் நின்ற இடத்திலிருந்தே போடும்படி மாற்றினார்கள் என்று சொல்வார்கள். காலை ஊன்றி நிற்பது என்பதுதான் பெயருக்கே அர்த்தம்.

பக்கத்துத் தெரு அண்ணன் பழைய சொல்தா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர், வயசு 79. போன மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. பயம்தான் பிடித்துக்கொண்டது. பாரீசிலிருந்து மகள் தினம் போன்: "வெளியே போகாதீங்கப்பா." நாலு மாசம் நாற்காலியும் டிவியும். கடைசியில் யாராவது கை கொடுத்தால்தான் எழுந்திருப்பார் என்றாகிவிட்டது. கால் தசை சும்மா இருந்தால் கரைந்துவிடும், இந்த வயசில் இன்னும் சீக்கிரம். விழுந்துவிடுவோம் என்று உட்கார்ந்தால், அதனாலேயே விழுவோம். 65 தாண்டியவர்கள் வாரம் 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மகளிடமும் இதைச் சொன்னேன். "டாக்டர் சரின்னா சரி மாமா" என்றாள். டாக்டர் சரி என்றார்.

முதல் வாரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று போட்டார். இப்போது தோள் வேண்டாம். குண்டைக் குனிந்து எடுக்க மட்டும் கயிறு கட்டிய காந்தம் வைத்திருக்கிறார். குனிவதும் பயிற்சிதானே அண்ணே என்பேன். "நீ குனி, நான் ஜெயிக்கிறேன்" என்பார். நேற்று 13-க்கு 9. அவருக்குத்தான் 13.