தெரிஞ்ச நம்பரா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கேட்டில் இன்றைக்கும் பலகை தொங்குகிறது: ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை. கைமடி, செக்கிங் ஆட்கள் தேவை.’ ஆனால் ஊரின் பாதித் தொழில் பேச்சு வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. ஜாப் ஒர்க் குழு, நூல் விலைக் குழு, ஸ்டாக் லாட் குழு, பவர்டேபிள் காண்ட்ராக்டர் குழு என்று ஒரு சின்ன யூனிட் முதலாளியின் போனில் வரிசையாகக் கிடக்கும். ‘முப்பதாம் நம்பர் கோம்டு, சிங்கிள் ஜெர்சி, மெஷின் காலி இருக்குதுங்களா?’ என்று ஒருவர் கேட்பார். கொஞ்ச நேரத்தில் யாராவது ‘இருக்குதுங்க, கூப்பிடுங்க’ என்பார். இந்த இரண்டு வரிக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும்: ‘வீட்டிலிருந்தே தினமும் ஐயாயிரம் சம்பாதிக்கலாம்.’ அதற்குக் கீழே, ஆதார் மட்டும் போதும், ஐந்தே நிமிடத்தில் கடன்.

இதையெல்லாம் அழித்துக்கொண்டிருப்பவர் குழு அட்மின். சம்பளம் கிடையாது. ஊசி, மெஷின் ஸ்பேர்ஸ் விற்கிற கடைக்காரராகவோ, ஏதாவது நிட்டிங் யூனிட்டின் கணக்குப்பிள்ளையாகவோ இருப்பார். புது எண் ஒன்று உள்ளே வந்தால் அவர் அடையாள அட்டை கேட்பதில்லை. ‘எந்த ஏரியாங்க? யாருங்க உங்களுக்கு லிங்க் குடுத்தது?’ என்பார். பதிலில் தெரிந்த பெயர் ஒன்று வந்தால் போதும். வராவிட்டால் எண் வெளியே.

கடனில் ஓடுகிற ஊருக்கு இது புதிதல்ல. துணி சாயப்பட்டறைக்குப் போகும், காம்பாக்டிங்குக்குப் போகும், கட்டிங், தையல், அயர்ன் என்று ஆறேழு இடம் சுற்றும். பணம் மட்டும் மாதக்கணக்கில் பின்னால் நடந்து வரும். பேப்பரை நம்பி யாரும் சரக்கை இறக்குவதில்லை, ஆளை நம்பித்தான். காதர்பேட்டையில் ஸ்டாக் லாட் பேசுகிறவர்களைக் கேட்டால் தெரியும்: முன்பின் தெரியாதவன் நல்ல விலை சொன்னால் அதுதான் முதல் சந்தேகம்.

இத்தாலியிலிருந்து வெரோனா என்கிற இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் வாங்கத் திருப்பூருக்கு வந்தது 1978இல். ஏற்றுமதிக் கதையை அங்கிருந்து தொடங்குவது ஊர் வழக்கம். அவரும் மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலமாகத்தான் வந்தார், நேராக வந்து கதவைத் தட்டவில்லை. அதே 1978இல், மே மாதம் 3ஆம் தேதி, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தில் விற்பனை வேலை பார்த்த கேரி துர்க், அர்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தைத் தட்டிவிட்டார். கேட்காமல் வந்து விழும் மொத்த மின்னஞ்சலின் வரலாறு அவரிடம் தொடங்குகிறது. நானூறு பேரில் பலர் கோபப்பட்டார்கள். சிலர் கம்ப்யூட்டர் வாங்கவும் செய்தார்கள். நூறு பேர் திட்டினாலும் ஒருவன் வாங்கினால் போதும் என்கிற கணக்குதான் இன்றைக்கும் ஓடுகிறது.

அந்தக் கணக்கை உடைக்க வந்ததுதான் கேப்ட்சா: நெளிந்து வளைந்த எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தால்தான் உள்ளே விடுவது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆனும் மானுவல் பிளமும் கூட்டாளிகளும் 2003இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மனிதனால் முடியும், மெஷினால் முடியாது என்பது அதன் அடிப்படை. மெஷின்காரன் என்ன செய்தான்? மனிதனையே கூலிக்கு வைத்தான். ஆயிரம் படத்துக்கு அரை டாலர் வரை கூலி இறங்கியதாக 2010இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தியாவிலும் இந்த வேலை நடந்தது. ‘பார்ட் டைம் டேட்டா என்ட்ரி’ என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் விளம்பரம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காஜா பட்டனுக்கு டஜன் கணக்கு போடுகிற ஊருக்கு இந்தப் பீஸ் ரேட்டைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பிறகு இந்தத் தொழில் இன்னும் மோசமாயிற்று. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏமாந்துபோய், மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, ஆன்லைன் ஏமாற்று வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். ‘ஹாய், வேலை வேண்டுமா?’ என்று வருகிற செய்தியை எரிச்சலோடு அழிக்கும்போது அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று சொல்ல முடியாது.

அரசும் சும்மா இருக்கவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிற நிறுவனம் தன் பெயர்க்குறியையும் வாசகத்தின் வார்ப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முன் கதவுக்கு நல்ல பூட்டுதான். வந்தவர்கள் பத்து இலக்கச் சாதாரண எண்ணுக்கும் வாட்ஸ்அப்புக்கும் மாறிக்கொண்டார்கள்.

ஏற்றுமதியாளருக்கு நிஜமான அடி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஓடும் மின்னஞ்சலை ஒருவன் சத்தமில்லாமல் படித்துக்கொண்டே இருப்பான். சரக்குக் கப்பல் ஏறி, பணம் வரவேண்டிய வாரத்தில், கம்பெனியின் பெயரிலேயே பையருக்கு ஒரு கடிதம் போகும்: எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை கீழே உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். கையெழுத்து, லோகோ, இன்வாய்ஸ் எண் எல்லாம் சரியாக இருக்கும். மின்னஞ்சல் முகவரியில் மட்டும் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்று இரண்டு எழுத்து ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். வழக்கமான வடிகட்டிகள் இதைக் குப்பை என்று எளிதில் ஒதுக்காது, ஏனென்றால் இது ஆயிரம் பேருக்கு அனுப்பியதல்ல, ஒருவருக்காகவே எழுதியது. அனுபவப்பட்ட மெர்ச்சண்டைசர்கள் சொல்லும் வைத்தியம் பழையது. கணக்கு எண் மாறினால், அந்தக் கடிதத்தில் இருக்கிற எண்ணுக்கு அல்ல, பையரிடம் ஆரம்பம் முதல் இருக்கிற எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்ல வேண்டும்.

போன் போட்டுக் கேட்க ஆளில்லாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் 2023இல் பார்த்தது.

அந்த ஆண்டு ஜனவரிக் கடைசியில் ஒரு காணொளி பரவியது. வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக ஓடிவந்து உள்ளூர் ஆட்களை விரட்டும் காட்சி. ‘தமிழனைத் தமிழ்நாட்டிலேயே அடிக்கிறார்கள்’ என்கிற வாசகத்தோடு தமிழ்க் குழுக்களில் அது சுற்றியது. சில நாள் முன்பு டீக்கடையில் கிளம்பிய தகராறு அது என்று காவல்துறை விளக்கம் சொல்லி, கைதும் செய்தது. ஊர் ஓரளவு அடங்கியது. அனுப்பர்பாளையத்திலோ வேலம்பாளையத்திலோ தெரிந்தவருக்கு ஒரு போன் போட்டால் நடந்தது என்னவென்று தெரிந்துவிடுகிற தூரம்தானே?

மார்ச் மாதம் அதே சரக்கு எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று இந்தியில் காணொளிகள் கிளம்பின. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு அவற்றைப் பொய் என்றார். இரண்டு காணொளிகளைக் குறிப்பிட்டு, ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களே மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த சண்டை, இரண்டும் பழையவை என்று விளக்கினார். அடிபட்டவர்கள்போலக் கட்டுப் போட்டுக்கொண்டு இருவர் பேசிய வேறொரு காணொளி பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது என்று பீகார் காவல்துறையே பிறகு சொன்னது. ஆனால் அதற்குள் பீகார் சட்டசபையில் அமளி. மார்ச் 8 ஹோலி. ஊருக்குப் போகிறவர்களால் ரயில் நிலையம் எப்படியும் நிரம்பும் வாரம் அது. அந்தக் கூட்டத்தையும் படம் பிடித்து, உயிர் பிழைத்து ஓடுகிறார்கள் என்று போட்டார்கள். ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டால், எந்தப் பையன் மெஷினில் உட்கார்ந்திருப்பான்?

இந்த இடத்தில்தான் திருப்பூரின் ‘யாருங்க உங்களுக்கு லிங்க் குடுத்தது’ தோற்றது. அந்த வேலி தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டும் கட்டியது. போஜ்புரியும் மைதிலியும் ஒடியாவும் பேசுகிறவர்கள் இந்த ஊரின் தையல் மெஷின்களில் உட்கார்ந்திருந்தார்கள், ஊரின் குழுக்களில் இல்லை. பொய் வந்தபோது கேட்டுச் சரிபார்க்க அவர்களுக்கு ஊர்க்காரர் எண் ஒன்றுகூட இல்லை.

அந்த எண்ணைத்தான் அவசர அவசரமாக உருவாக்கினார்கள். இந்தி பேசும் ஆட்களோடு உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. அதிகாரிகள் கம்பெனிகளுக்குப் போய் இந்தியில் பேசினார்கள். பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு திருப்பூருக்கு வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. அதற்குத் தலைமை வகித்த ஐஏஎஸ் அதிகாரி பாலமுருகன் தமிழ் தெரிந்தவர் என்பது பெரிய வசதி. காணொளிகளின் மூலத்தைத் தோண்டிக் காட்டிய, உண்மை சரிபார்ப்புத் தளமான ஆல்ட் நியூஸின் இணை நிறுவனர் முகமது ஜுபைருக்கு 2024 குடியரசு நாளில் தமிழ்நாடு அரசு கோட்டை அமீர் மத நல்லிணக்க விருது கொடுத்தது.

வாட்ஸ்அப் நிறுவனம் தன் பங்குக்குத் திருகாணிகளை முடுக்கிக்கொண்டே இருக்கிறது. 2018இல் குழந்தைக் கடத்தல் வதந்தியால் போளூர் அருகே ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். மற்ற மாநிலங்களிலும் இப்படிக் கொலைகள் நடந்தன. அந்த ஆண்டு, ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. 2020இல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றானது. நல்லதுதான். ஆனால் அதே காணொளியைப் புதிதாக ஏற்றினால் பார்வர்ட் அம்புக்குறி மறைந்துவிடும், கை மாறிய எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அட்மின் ஒப்புதல் கொடுத்தால்தான் குழுவில் சேரலாம் என்கிற வசதியும் வந்திருக்கிறது. அந்த ஒப்புதல் வரிசையில் விளம்பரக்காரன் நிற்கிறான். கூடவே, டெய்லராக வந்து காண்ட்ராக்டராக உயர்ந்து பவர்டேபிள் குழுவில் சேர விண்ணப்பித்த பீகார்க்காரனும் நிற்கிறான். ‘தெரிஞ்ச நம்பரா?’ என்கிற கேள்விக்கு இருவரும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதனால் வடமாநிலத்தவர்கள் தனிக் குழு வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கக் குழுக்களிலும் இருக்கிறவர் யார் என்று தேடினால் லைன் வீட்டை வாடகைக்கு விடுகிறவரோ, மெஸ் நடத்துகிறவரோ, லேபர் காண்ட்ராக்டரோ அகப்படுவார். அவரிடம் அரைகுறை இந்தி இருக்கும், இரண்டு பக்கத்து எண்களும் இருக்கும். ஐந்து நிமிடக் கடன் விளம்பரம் அவருக்கு இரண்டு மொழியிலும் வருகிறது.